மடுவும் அருங்காட்சியகமும் ஒரே நாளில்

நெளுக்குளத்திலிருந்து புறப்படும் மாணவர்களே, வெயில் ஏறமுதல் மடுத் தேவாலயத்துக்குப் போய்விடுங்கள். ஆடித் திருவிழாவும் ஆவணி 15 பெருவிழாவும் வேண்டுதலுக்கான நாட்கள். ஆறுதலாகப் பார்க்க வேறு நாளே நல்லது. தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, தண்ணீர்ப் போத்தல், மாணவர் அடையாள அட்டை கட்டாயம். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவையுங்கள்.

உள்ளே போனதும் போனை எடுக்காதீர்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து காட்டுக்குள் காவிவரப்பட்ட மாதா சொரூபம் அங்கே இருக்கிறது. 2008 போரின்போது மறுபடியும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது. நம் சனங்கள் பட்ட பாடெல்லாம் அதுவும் பட்டிருக்கிறது. கொஞ்ச நேரம் அமைதியாக இருந்து பாருங்கள். பாம்புக்கடிக்குக் காவலென்று மடு மண்ணை எடுத்துப்போகும் முதியவர்களிடம் கதை கேளுங்கள், நிறையச் சொல்வார்கள்.

வவுனியா நகரத் தொல்பொருள் அருங்காட்சியகம் திறக்கும் நாளை முன்கூட்டியே விசாரியுங்கள். கற்சிலைகளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வெளிச்சம் சாயும்போதுதான் உளியின் தடம் தெரியும். பார்த்ததைக் கொப்பியில் கீறுங்கள், படத்தைவிட நினைவில் நிற்கும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படமெடுப்பது பெரிய அவமதிப்பு. சிலைகளைத் தொடவும் வேண்டாம். விரல் எண்ணெயும் வியர்வையும் கல்லைக் கெடுக்கும்.