தீவுக்கும் மார்க் போடலாம்



வங்கியில் கடன் கேட்டால் முதலில் நம்ம குழுவுக்கு மார்க் போடுறாங்க இல்லையா? கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சேமிப்பு சேருதா, கொடுத்த கடன் திரும்புதா என்று நோட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். அதுதான் தர மதிப்பீடு. பாதுகாக்கப்பட்ட கடலுக்கும் இதேபோல மதிப்பீடு உண்டு.

நம்ம கடலின் கதை

ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். வனத்துறை கவனித்து வருகிறது. பவளப்பாறைதான் மீன்குஞ்சுக்கு வீடு. தீவுக்கு அலை தாங்கும் சுவர். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல வருஷம் அதை வெட்டி எடுத்தார்கள். சுவர் போனதும் மண் அரித்தது. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு 1986-ல் சுமார் 40 ஏக்கர். 2014 வாக்கில் 5 ஏக்கர் அளவுக்குச் சுருங்கியது. 2015 முதல் அதன் முன்னால் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அரிப்பு குறைந்தது.

மூன்று கேள்விகள்

1. என்ன போட்டோம்? பணம், படகு, காவலர்கள்.
2. என்ன செய்தோம்? ரோந்து, கூட்டம், பயிற்சி.
3. என்ன மாறியது? தீவின் பரப்பு, உயிருள்ள பவளம், மீன், குடும்ப வருமானம்.

முதல் இரண்டோடு நிறுத்தினால் ஏமாந்து போவோம். வாராவாரம் கூட்டம் போட்டும் கடன் திரும்பாத குழுவை நல்ல குழுன்னு சொல்வோமா? பாறை இறக்கியது வேலை. தீவு கரையாமல் நின்றதுதான் பலன்.

காரணத்தையும் கேட்கணும். 2010-லும் 2016-லும் கடல் சூடாகி, பவளம் வெளுத்துச் செத்தது. ரோந்து எவ்வளவு போனாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. அதனால் வருஷாவருஷம் அதே இடத்தில், அதே முறையில் அளந்து எழுதி வைத்தால்தான் எது யாரால் வந்தது என்று பிரித்துப் பார்க்கலாம்.

நமக்கு என்ன?

தீவுப் பக்கம் போகக்கூடாது என்ற தடையால் ராமநாதபுரம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களின் பிழைப்பு பாதித்தது. கடலைக் காக்க நஷ்டம் தாங்குறவங்களுக்கு, பலன் கிடைச்சுதான்னு கேட்கும் உரிமையும் உண்டு. நோட்டு எழுதிப் பழகிய நமக்கு இது கஷ்டமே இல்லை.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

* பத்து வருஷத்துக்கு முன்பு நம்ம ஊர்க் கரையில் கிடைத்த எந்த மீன், நண்டு இப்போது குறைந்திருக்கிறது?
* தடையால் யாருக்கு நஷ்டம்? யாருக்கு லாபம்?
* பதில்களைத் தீர்மான நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அடுத்த வருஷம் இதே மாதம் மறுபடியும் கேளுங்கள்.