நூறு கோடி மார்க் நோட்டு என்ன விலை போகும்?

கேள்வி: நாணயக் கண்காட்சி ஒன்றில் பழைய ஜெர்மன் நோட்டுக் கட்டு ஒன்றை வாங்கினேன். 1910 தேதியிட்ட ஆயிரம் மார்க் நோட்டுகள் சில, 1923-ஆம் வருடத்து நோட்டுகள் பல. இவற்றில் சிலவற்றுக்குப் பின்பக்கம் அச்சே இல்லை. ஒரு ஆயிரம் மார்க் நோட்டின் குறுக்கே சிவப்பு மையில் நூறு கோடி மார்க் என்று அடித்திருக்கிறது. எல்லாம் போலியா? விற்றால் என்ன தேறும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது. ஆனால் போலி என்று பயப்பட வேண்டாம். காசு பெறாத நோட்டுக்கு யார் மெனக்கெட்டுப் போலி அடிக்கப் போகிறார்கள்?

முதல் உலகப் போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 ஜூலையில் அது மூன்று லட்சத்தைத் தாண்டியது. நவம்பர் 20 அன்று 4.2 லட்சம் கோடி! ஜெர்மன் மத்திய வங்கியான ரைஷ்ஸ்பாங்க் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் அச்சகங்களை வேலைக்கு அமர்த்தியும் நோட்டு போதவில்லை. பின்பக்கம் அச்சிட நேரம் ஏது? உங்கள் சிவப்பு மை நோட்டும் அந்த அவசரத்தில் பிறந்ததுதான். அதிலுள்ள தேதியைப் பாருங்கள்: 15 டிசம்பர் 1922. ஒன்பது மாதத்துக்குள் ஆயிரம் மார்க் எதற்கும் உதவாமல் போகவே, அதன் மேலேயே நூறு கோடி என்று அடித்து வெளியிட்டார்கள். ஒற்றைப் பக்க நோட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். பெரும்பாலானவற்றில் காகிதம் முழுக்க நீர்க்குறிக் கோலம் தெரியும்.

1910 நோட்டில் முத்திரையின் நிறத்தைக் கவனியுங்கள். சிவப்பு என்றால் முதலில் வந்தது. பச்சை என்றால் போருக்குப் பிந்தைய அச்சு. என்றாவது அரசு மாற்றித் தரும் என்று நம்பி ஜெர்மானியர்கள் இவற்றைப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். அதனால்தான் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன.

சேகரிப்பைத் தாராளமாகத் தொடருங்கள். ஆனால் பூஜ்யத்தை எண்ணி வாங்காதீர்கள். தேதியையும் வெளியிட்டவரையும் பார்த்து வாங்குங்கள். என் ஓட்டு ‘நோட்கெல்ட்’ எனப்படும் அவசரப் பணத்துக்கு. ஊராட்சிகள், தொழிற்சாலைகள், ரயில்வே எல்லாம் தத்தம் பேரில் அச்சடித்தவை. பீலெஃபெல்ட் நகரம் பட்டுத் துணியில்கூட அடித்தது. ஆனால் 1921, 22-இல் வந்த படத்தொடர்கள் பல சேகரிப்பாளர்களுக்கு விற்கவே அச்சானவை, கடைத்தெருவைக் கண்டதில்லை. நான் அவற்றுக்குக் காசு செலவழிக்க மாட்டேன்.

உண்மையிலேயே அரிதானது 15 பிப்ரவரி 1924 தேதியிட்ட நூறு லட்சம் கோடி மார்க் நோட்டு. அதைக் குறைந்த விலைக்கு யாராவது நீட்டினால் நகல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜிம்பாப்வேயின் 2008 தேதியிட்ட நூறு டிரில்லியன் டாலர் நோட்டும் அப்படியே. அசல் நோட்டு காகிதம்தான். தங்கத் தகட்டில் பளபளக்கும் ‘நோட்டு’ வெறும் பொம்மை.

ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்: நோட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, பிவிசி கலக்காத பாலியெஸ்டர் உறையில் போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்ட வேண்டாம், மடிப்பை இஸ்திரி போட்டு எடுக்க வேண்டாம். தயவுசெய்து லேமினேஷன் கடைப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.