மயோர்க்காவில் விடிகாலைப் பலூன்

மயோர்க்காவில் பலூன் ஏற நினைப்பவர்கள் முதலில் கடலைக் கொஞ்சம் மறந்துவிட வேண்டும். விளம்பரப் படங்களில் நீலக் கடலுக்கு நேர் மேலே பலூன் மிதக்கும். நடப்பில், காற்று கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போகும் என்று தெரிந்தால் பைலட் பலூனைத் தரையிலிருந்தே கிளப்பமாட்டார். பறப்பதெல்லாம் தீவின் உட்புறத்தில், மனக்கோர் என்ற ஊரைச் சுற்றியுள்ள சமவெளியில்தான். கடற்கரை விடுதிக்கும் நீச்சல்குளத்துக்கும் நடுவிலேயே விடுமுறையைக் கழித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பார்க்காமல் விட்டுப்போகும் மயோர்க்கா அது. இவ்வளவு பணம் கொடுத்து ஏறலாமா என்று கேட்டால், அந்த உள்நாட்டைப் பார்க்கவே ஏறலாம் என்பேன். கடலைப் பார்க்க மட்டும் என்றால் படகு மலிவு.

ஸ்பெயினுக்குச் சொந்தமான பலேயாரிக் தீவுகளில் பெரியது மயோர்க்கா. பரப்பு சுமார் 3,640 சதுர கிலோமீட்டர். வடமேற்கு ஓரம் முழுக்க திராமுந்தானா மலைத்தொடர், கிழக்கே உயரம் குறைந்த குன்றுகள், நடுவில் சமவெளி. தலைநகர் பால்மாவின் விமான நிலையம் மத்ரித், பார்சிலோனாவுக்கு அடுத்து ஸ்பெயினில் மூன்றாவது பெரியது. கோடையில் ஓயாமல் விமானம் இறங்கும் அந்த வான்வெளியில் பலூனுக்கு இடமில்லை. மலைப் பக்கம் காற்று சுழலும், இறங்க வயலும் கிடையாது. மிஞ்சுவது கிழக்குச் சமவெளி. சின்னத் தீவுகளில் இந்த வசதி இருக்காது: எந்தத் திசையில் போனாலும் ஒரு மணி நேரத்துக்குள் நிலம் தீர்ந்துவிடும்.

ஏன் விடியற்காலையிலேயே எழுப்புகிறார்கள் என்பதற்கும் கடல்தான் காரணம். வெயில் ஏறினால் நிலம் சூடாகும், அதன் மேலுள்ள காற்று எழும்பும், கடலிலிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்குப் பாயும். மயோர்க்காக்காரர்கள் இந்தக் கடற்காற்றை 'எம்பாத்' என்பார்கள். கடற்கரையில் படுத்திருப்பவருக்கு அது சுகம், பலூனுக்கு ஆபத்து. அது கிளம்புவதற்குள் ஏறி இறங்கிவிட வேண்டும். ஜூன் மாதத்தில் அங்கே சூரிய உதயம் காலை 6.20 மணி வாக்கில். அப்படியென்றால் ஐந்தரைக்கெல்லாம் நீங்கள் மைதானத்தில் நிற்க வேண்டியிருக்கும். செப்டம்பர் கடைசியில் உதயம் ஏழரைக்கு மேல் என்பதால் தூக்கம் கொஞ்சம் மிஞ்சும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு செப்டம்பரைத்தான் சொல்வேன். வெயிலும் அப்போது தணிந்திருக்கும். சில நிறுவனங்கள் மாலையிலும் ஏற்றுவார்கள். இரண்டும் கிடைத்தால் காலையைத் தேர்ந்தெடுங்கள், காற்று அப்போதுதான் சாது.

பதிவு செய்யும்போது ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்: தீவில் இறங்கிய மறுநாள் காலையையே கேளுங்கள். கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். வடக்கிலிருந்து திராமுந்தானா காற்று வீசினால் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பலூன் எழும்பாது. முதல் நாளே பதிவு செய்திருந்தால் ரத்தானாலும் மறுநாள், அதற்கு மறுநாள் என்று தள்ளிக்கொண்டு போகலாம். வானம் பளிச்சென்று இருக்கிறதே, ஏன் ரத்து என்று பைலட்டிடம் சண்டை போடாதீர்கள். தரையில் இலை அசையாமல் இருக்கும், முந்நூறு மீட்டர் மேலே காற்று விரட்டும். ரத்து செய்யத் தயங்காத நிறுவனம்தான் நல்ல நிறுவனம். ரத்தானால் பணம் திரும்ப வருமா, வேறு தேதி மட்டும்தானா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு தேதிக்கான கூப்பனை வைத்துக்கொண்டு சென்னையில் என்ன செய்வது?

ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஆளுக்கு 150 யூரோவுக்குக் குறையாமல் எடுத்துவையுங்கள். பருவத்தையும் கூடையின் அளவையும் பொறுத்து 200-ஐத் தாண்டவும் செய்யும். கூடையில் எத்தனை பேர் என்று கேளுங்கள். பெரிய கூடையில் நடுவில் மாட்டிக்கொண்டால் பார்க்கக் கிடைப்பது பக்கத்து ஆளின் தொப்பி. பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றும் பலூன்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தனி விதிகள் கொண்டுவந்தது. ஸ்பெயினில் அதை மேற்பார்க்கும் அமைப்பு ஏசா என்ற விமானப் பாதுகாப்பு முகமை. அதில் பதிவு இருக்கிறதா, பயணிகளுக்குக் காப்பீடு உண்டா என்ற இரண்டு கேள்விக்கும் தயங்காமல் பதில் வர வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னதாகக் கொடுத்தாக வேண்டும், கோடைக்கு அதுவும் போதாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. அதோடு கேட்கும் மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. அந்தக் காப்பீட்டின் பொடி எழுத்தைப் படியுங்கள். பாராசூட், பலூன் வகையறாக்களை 'சாகச விளையாட்டு' என்று சொல்லி ஒதுக்கியிருப்பார்கள் சிலர். கூடுதல் தொகை கட்டினால் சேர்த்துக்கொள்வார்கள். பார்சிலோனா வரை போய்விட்டால் அங்கிருந்து பால்மாவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இரவுக் கப்பலும் உண்டு.

தங்குவது எங்கே என்பதைப் பலூனை வைத்து முடிவு செய்யுங்கள். பால்மாவிலிருந்து மனக்கோர் சுமார் 50 கிலோமீட்டர். ரயில் இருக்கிறது; ஆனால் உதயத்துக்கு முன்னால் கொண்டுபோய் விடும் ரயிலை நம்பித் திட்டம் போட முடியாது. வாடகைக் கார் எடுத்தால், வலப்பக்கமாக ஓட்டும் நாட்டில், இருட்டில், ரவுண்டானாக்களுக்கு நடுவே முதல் நாளே ஓட்ட வேண்டும். எனக்கு அது பிடித்த யோசனை இல்லை. மனக்கோர், பேத்ரா, ஃபெலானிட்ச் ஊர்களைச் சுற்றிப் பழைய பண்ணை வீடுகளைத் தங்குமிடமாக மாற்றியிருக்கிறார்கள். முதல் இரண்டு இரவு அங்கே தங்கிவிட்டு, பலூன் முடிந்த பிறகு கடற்கரைக்கு மாறிக்கொள்ளலாம்.

பதிவின்போது எடை கேட்பார்கள். கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். வெளியே 15 டிகிரி, பலூனுக்குள்ளே 100 டிகிரி என்றால், ஒரு கன மீட்டர் காற்று தூக்குவது கால் கிலோவுக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். 3,000 கன மீட்டர் பலூன் என்றால் மொத்தம் 800 கிலோ சொச்சம். துணி, கூடை, பர்னர், காஸ் சிலிண்டர்கள், பைலட் எல்லாம் போக மிச்சம்தான் பயணிகளுக்கு. வெளியே சூடு ஏற ஏற இந்தக் கணக்கு இன்னும் இறுகும். ஆகஸ்டில் ஒரே பலூனில் ஆள் குறைவாக ஏற்றுவது அதனால்தான்.

கர்ப்பிணிகளை ஏற்றமாட்டார்கள். அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், முதுகுத்தண்டு, மூட்டுத் தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம். கூடையில் உட்கார இடம் கிடையாது, ஒரு மணி நேரமும் நின்றுகொண்டேதான். பெரும்பாலான கூடைகளுக்குக் கதவும் இல்லை. பக்கவாட்டில் விட்டிருக்கும் ஓட்டைகளில் கால் வைத்து ஏறிக் குதிக்க வேண்டும். ஆகவே புடவை, வேட்டி, துப்பட்டா எதுவும் வேண்டாம். பருத்தி பேன்ட், முழுக்கைச் சட்டை, மூடிய ஷூ. பனியில் நனைந்த உழவு வயலில்தான் பெரும்பாலும் இறங்குவீர்கள், வெள்ளை ஷூ சிவப்பாகிவிடும். நீளக் கூந்தலைக் கொண்டையாகக் கட்டிக்கொண்டு தொப்பி போடுங்கள். தலைக்கு மேலே பர்னரின் அனல் உச்சியைச் சுடும். மேலே குளிருமே என்று ஸ்வெட்டரை அடுக்க வேண்டியதில்லை, அதே அனல் காக்கும். மொபைலுக்குக் கழுத்துக் கயிறு அவசியம்.

மைதானத்துக்குச் சீக்கிரம் போய்விடுங்கள், பாதி வேடிக்கை அங்கேதான். பைலட் முதலில் கையளவு ஹீலியம் பலூன் ஒன்றைப் பறக்கவிட்டு, அது எந்த உயரத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று இருட்டில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அதன்பிறகுதான் துணியை விரிப்பார்கள். கூடை படுத்த வாக்கில் கிடக்கும். பெட்ரோலில் ஓடும் விசிறி ஒன்று வாய்வழியாகக் குளிர்ந்த காற்றை ஊதி நிரப்பும். துணி புரண்டு புரண்டு ஒரு கல்யாண மண்டப உயரத்துக்கு உப்பும். பிறகு பர்னரைப் பற்றவைத்து உள்ளே தீயைச் செலுத்த, முழுப் பலூனும் சோம்பல் முறித்து எழுந்து நிற்கும். "ஏறுங்கள்" என்று குரல் வந்ததும் யோசிக்காமல் ஏறிவிட வேண்டும், அந்த நேரத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

பொள்ளாச்சி திருவிழாவில் பலூன் பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கயிற்றில் கட்டி ஏற்றி இறக்கும் பலூன் ஆடும், அசையும், காது மடலில் காற்று அடிக்கும். கட்டவிழ்ந்து போகும் பலூனில் அது எதுவும் இல்லை. காற்றோடு காற்றாகவே போவதால், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் மெழுகுவத்திச் சுடர் அசையாது. மாடி விளிம்பில் நின்றாலே தலைசுற்றும் என்பவர்கள்கூடப் பெரும்பாலும் இங்கே சமாளித்துவிடுவார்கள். கட்டடத்தின் சுவரைப் போலக் கீழே இறங்கிப் போகும் கோடு எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை அல்லவா.

பலூனுக்குச் சுக்கான் கிடையாது. மேலே போகலாம், கீழே வரலாம், அவ்வளவே. ஆனால் உயரத்துக்கு உயரம் காற்றின் திசை மாறும். பூமியின் வடபாதியில் மேலே போகப் போகக் காற்று வலப்பக்கம் திரும்புவது வழக்கம். எனவே வலப்பக்கம் போக வேண்டுமானால் பைலட் பர்னரை அழுத்துவார், இடப்பக்கம் வர வேண்டுமானால் உச்சியிலுள்ள திறப்பைக் கயிற்றால் இழுத்துச் சூட்டை வெளியேற்றித் தாழ்வார். நடுவில் அவர் கூடைக்கு வெளியே எட்டித் துப்பினால் முகம் சுளிக்காதீர்கள். எச்சில் எந்தப் பக்கம் வளைந்து விழுகிறது என்று பார்த்துத்தான் கீழுள்ள காற்றைக் கண்டுபிடிக்கிறார். பல நாட்டு பைலட்டுகளும் செய்கிற காரியம்தான் அது.

கீழே தெரிவது சிவந்த மண். சிமென்ட்டே இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய வேலிகள் அதைச் சின்னச் சின்னப் பாத்திகளாக வெட்டும். பாதாம், அத்தி, காரப் மரங்கள் வரிசையாக நிற்கும். ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் பாதாம் பூத்து வயல்களெல்லாம் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகிவிடும். பறக்கத் தோதான காலைகள் அப்போது குறைவுதான், கிடைத்தால் விடாதீர்கள். தாழப் பறக்கும்போது பர்னரை நிறுத்திய கணங்களில் செம்மறிகளின் கழுத்து மணி கேட்கும். பர்னர் மறுபடி உறுமியதும் ஊரிலுள்ள நாய்களெல்லாம் குரைக்கத் தொடங்கும்.

உயர ஏறினால் தீவு மொத்தமும் புரிபடும். வடமேற்கில் திராமுந்தானா, அதன் உச்சி புய்க் மயோர் 1,436 மீட்டர். அந்த மலைச்சரிவுகளில் படிப்படியாக வயல் வெட்டிய பண்பாட்டுக்காகவே 2011-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக்கியது. வடக்கே அல்கூதியா விரிகுடா பளபளக்கும். தெற்கே ஃபெலானிட்ச் பக்கம் தனிக் குன்றின் மேல் சாந்த் சல்வதோர் மடம். வானம் தெளிவாக இருந்தால் அதற்கும் அப்பால் கப்ரேரா தீவு, 1991 முதல் தேசியப் பூங்கா. வடகிழக்கில் கடலுக்கு மேலே ஒரு தாழ்ந்த கோடு தெரிந்தால் அது மெனோர்க்கா. கடைசியில் கடலும் தெரிந்துவிடுகிறது, சுற்றிலும், பத்திரமான தூரத்தில்.

இறங்குவதற்கு முன் பைலட் சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போகும் திசைக்கு முதுகைக் காட்டி, முழங்காலை மடித்து, உள்ளேயுள்ள கயிற்றுப் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொள்ள வேண்டும். கேமரா பைக்குள். காற்று இருந்தால் கூடை தரையைத் தொட்டு, துள்ளி, சாய்ந்து, சில மீட்டர் இழுபட்டுத்தான் நிற்கும். சாய்ந்தபடியே நின்றாலும் அது விபத்து இல்லை. பலூன் பயணத்தில் அடிபடுகிறவர்களில் பலர் அடிபடுவது இந்த இடத்தில்தான், கையை வெளியே நீட்டியதாலோ அவசரப்பட்டு இறங்கியதாலோ. ஒருவர் இறங்கினால் எடை குறைந்து பலூன் மறுபடி எழும்பப் பார்க்கும். சொல்லும்வரை யாரும் இறங்கக்கூடாது.

வயல்காரரிடம் அனுமதி வாங்குவதும், வேலிகளுக்கு நடுவே வண்டியைக் கொண்டுவருவதும் பின்தொடரும் குழுவின் வேலை. துணியை அமுக்கிக் காற்றை வெளியேற்ற உங்களையும் கூப்பிடுவார்கள், போய் உருளுங்கள். பிறகு ஒரு கோப்பை காவா, ஸ்பெயினின் நுரை ஒயின். பிரான்சில் 1783-இல் மனிதர்கள் முதல்முறை பலூனில் ஏறினார்கள். இறங்கியதும் ஷாம்பெயின் கொடுக்கும் பழக்கம் அந்தக் காலத்திலிருந்தே வருவதாகச் சொல்வார்கள். குடிக்காதவர்கள் முன்கூட்டியே சொன்னால் ஆரஞ்சுச் சாறு தருவார்கள்.

அங்கே சிற்றுண்டியாக நீட்டும் என்சைமாதா என்ற சுருள் ரொட்டியில் பன்றிக் கொழுப்பு சேரும் என்பதைச் சைவர்களும் முஸ்லிம்களும் கவனிக்க வேண்டும். தக்காளி தேய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ரொட்டியை ஹாம் இல்லாமல் கேட்டு வாங்கலாம். மதியம் என்றால் உருளை, கத்தரி, குடைமிளகாய் அடுக்கிய தும்பெத் நல்ல தேர்வு. மேலே மீனோ இறைச்சியோ வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பத்து, பத்தரைக்குள் எல்லாம் முடிந்து நாள் முழுக்க மிச்சமிருக்கும். புதன்கிழமையானால் சினேவ் சந்தைக்குப் போகலாம், ஆடு மாடு கோழி எல்லாம் வரும். கலிஃபோர்னியாவில் கத்தோலிக்க மிஷன்களை நிறுவிய ஹூனிப்பெரோ செர்ரா 1713-இல் பிறந்த பேத்ரா, மனக்கோரிலிருந்து ரயிலில் அடுத்த ஊர்தான். டென்னிஸ் பித்தர்களுக்கு மனக்கோரே போதும், ரஃபேல் நடாலின் சொந்த ஊர் அது. குழந்தைகள் கூட இருந்தால் போர்த்தோ கிறிஸ்தோவிலுள்ள திராக் குகைகள். உள்ளே நிலத்தடி ஏரியில் படகில் உட்கார்ந்து இசை வாசிப்பார்கள். அதற்கு நேரம் குறித்த டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். பலூன் தள்ளிப்போனாலும் கைநழுவாதபடி மதியம் இரண்டு மணிக்கு மேல் உள்ளதாகப் பார்த்து எடுத்துவையுங்கள்.