ரவுட்டர் டேபிள் செய்யப் போறியா? இதைக் கேட்டுட்டு மரத்தை அறு

ட்ரிம் ரவுட்டர் வாங்கியாச்சு. ரெண்டு அலமாரிப் பலகைக்கு ஓரமும் மழுக்கிப் பார்த்தாச்சு. இப்போ சின்னத் துண்டு மரத்துல வேலை செய்யணும்னா கை ரெண்டு போதலை. மெஷினைப் பிடிச்சா மரம் நகருது, மரத்தைப் பிடிச்சா மெஷின் ஆடுது. அதனாலதான் ரவுட்டர் டேபிள் பத்தி யோசிக்கிற. சரியான யோசனைதான் கண்ணு. மெஷினை ஒரு பலகைக்கு அடியில தலைகீழா மாட்டிட்டா பிட் மட்டும் மேலே நீட்டிக்கிட்டிருக்கும். அப்புறம் மரத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தள்ளலாம்.

ஆனா வீடியோவுல பார்த்தமாதிரி நாலு டிராயர், சக்கரம், அலுமினிய டிராக்னு கணக்குப் போட்டு வச்சிருந்தா, அந்தக் காகிதத்தை மடிச்சு உள்ளே வை. உனக்கு இருக்கிறதே ஒரு ஞாயித்துக்கிழமை. வேலை முடிஞ்சதும் தூக்கிக் கட்டிலுக்கு அடியில தள்ளற டேபிள் போதும். மேல்பலகை தட்டையா இருக்கணும், மரத்தை அணைச்சுத் தள்ற ஃபென்ஸ் நேரா நிக்கணும், ஸ்விட்ச் கைக்கு எட்டணும். உன் கவனம் இந்த மூணுலயும் இருக்கட்டும். மத்த இடத்துல ஒரு நூல் கூடக் குறைய இருந்தாலும் வேலை நடக்கும்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி

1. உன் ரவுட்டர்ல மோட்டார் தனியாக் கழண்டு வருதான்னு முதல்ல பார்த்துக்கோ. 500லேர்ந்து 700 வாட் வரைக்கும் உள்ள ட்ரிம் ரவுட்டர் இந்த டேபிளுக்குத் தாராளம். பேஸை மட்டும் பலகைக்கு அடியில நிரந்தரமா முடுக்கிடு. பிட் மாத்தணும்னா மோட்டாரை மட்டும் உருவி வெளியே எடுத்து, வெளிச்சத்துல வச்சு மாத்தலாம். ஸ்ப்ரிங் வச்ச பெரிய பிளஞ்ச் ரவுட்டரை இதுல மாட்டாதே. கனமும் அதிகம், தலைகீழா இருக்கும்போது உயரம் சரிபண்றதும் பெரிய பாடு.

2. பிட் தண்டோட அளவை அளந்து வாங்கு. அதிகமாத் தப்பு நடக்கிறது இங்கேதான். பிட் தண்டைக் கவ்விப் பிடிக்கிறது காலெட். நம்ம ஊர்ல 6 மி.மீ. காலெட்டும் விக்குது, கால் இஞ்ச், அதாவது 6.35 மி.மீ. காலெட்டும் விக்குது. கடைக்காரர் ரெண்டையும் 'சின்ன சைஸ்'னு ஒரே டப்பாவுல போட்டு வச்சிருப்பார். கால் இஞ்ச் பிட் 6 மி.மீ. காலெட்டுக்குள்ள போகாது, அதனால ஆபத்தும் இல்லை. ஆனா 6 மி.மீ. பிட் கால் இஞ்ச் காலெட்டுக்குள்ள நல்லாவே போகும், முடுக்கினா பிடிச்சமாதிரியும் தெரியும். நிமிஷத்துக்கு 30,000 சுத்து சுத்தும்போது அது மெல்ல மேலே ஏறும், இல்லேன்னா கழண்டு பறக்கும். மெஷினோட வந்த காலெட்டையே கடைக்கு எடுத்துட்டுப் போ.

3. கார்பைடு முனை வச்ச பிட்டா வாங்கு. விலை குறைச்சலா இருக்குன்னு ஹெச்.எஸ்.எஸ். பிட் வாங்காதே. பிளைவுட்டுக்குள்ள இருக்கிற பசையும் தேக்குல இருக்கிற சிலிகாவும் அந்த முனையைச் சீக்கிரமே மழுக்கிடும். ஒரு நேர்ப் பிட், ஒரு ஓரம் உருட்டற பிட், பேரிங் வச்ச ஒரு ட்ரிம் பிட், இந்த மூணும் போதும். பெட்டியோட விக்கிற முப்பது பிட் செட்டுல பாதியை நீ தொடக்கூட மாட்ட.

4. பிளைவுட்டைக் கட்டிங் பீஸா கேளு. எட்டுக்கு நாலு முழு ஷீட் உனக்கு எதுக்கு? ஐ.எஸ். 710 மரைன் பிளையும் வேண்டாம், இது தண்ணி படற இடம் இல்லை. ஐ.எஸ். 303 முத்திரை உள்ள சாதாரண பிளை போதும். ஆனா ஓரத்தைக் குனிஞ்சு பார்த்து வாங்கு. அடுக்குக்கு நடுவுல ஓட்டை தெரிஞ்சா வைச்சுட்டு வா. ஸ்க்ரூ போடற இடம் அந்த ஓட்டை மேல வந்தா மெஷின் தொங்கிடும்.

மேல்பலகை: குழி தோண்டாத வழி

5. எல்லாரும் 18 மி.மீ. பலகை எடுத்து, ரவுட்டர் உக்கார்றதுக்கு அடியில குழி எடுக்கச் சொல்வாங்க. பலகை முழுக் கனத்தோட இருந்தா பிட் மேலே எட்டாதுங்கிறது நிஜம்தான். ஆனா குழி தோண்டறதுல அரை நாள் போயிடும், அடிப்பக்கம் சமமாவும் வராது. ரெண்டு அடுக்கா ஒட்டு. மேலே 6 மி.மீ. பிளை, கீழே 12 மி.மீ. பிளை, ரெண்டுமே 600க்கு 400 மி.மீ. ஒட்டறதுக்கு முன்னாடியே கீழ் பலகையில ரவுட்டர் பேஸ் உக்கார்ற அளவுக்கு ஜிக்ஸாவால ஒரு சதுர ஜன்னல் அறுத்துடு. பேஸைவிட ரெண்டு மி.மீ. பெரிசா இருந்தா போதும். தாராளமா அறுத்தா அந்த இடம் நாளாவட்டத்துல தொய்யும். ஜன்னலோட நடு, பின் ஓரத்துலேர்ந்து 150 மி.மீ.ல வரட்டும். முன்னாடி இடம் அதிகமா இருந்தாத்தான் மரத்துக்குத் தாங்கல் கிடைக்கும்.

6. ஒட்டறதுக்குச் சமமான இடம் உன் சமையல்கட்டு கிரானைட் மேடைதான். நேர்க்கோல் வச்சுப் பார்த்துட்டு, பழைய பேப்பர் விரிச்சு, ஃபெவிகாலை மெல்லிசா முழுக்கத் தடவி, மேலே அரிசி மூட்டையோ தண்ணிக் கேனோ ஏத்தி ராத்திரி முழுக்க விடு. ஓரத்துல நாலு கிளாம்ப் மட்டும் போட்டா நடு உப்பிக்கும்.

7. சன்மைக்கா ரெண்டு பக்கமும் ஒட்டணும். மேலே மட்டும் ஒட்டிட்டு நிறுத்தறவங்கதான் நிறைய. ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்து கிடந்தா, ஈரத்தை ஒரு பக்கம் மட்டும் குடிச்சுப் பலகை வளையும். கீழ்ப்பக்கத்துக்கு மிச்சம் மீதி எந்தக் கலர் கிடைச்சாலும் சரி. மேல்பக்கத்துக்கு வழவழன்னு இருக்கிறதா பாரு, சொரசொரப்பு டிசைன் வேண்டாம். ஜன்னலுக்குள்ள ஒட்டாதே.

8. ஸ்க்ரூ ஓட்டைக்கு அளவு எடுத்துக்கிட்டு உக்காராதே. ரவுட்டருக்கு அடியில இருக்கிற கருப்புத் தட்டைக் கழட்டி, ஜன்னலுக்குள்ள டபுள் டேப்பால ஒட்டி, அதோட ஓட்டை வழியாவே துளை போடு. மெஷினைத் தொட்டுக்கிட்டிருந்த பக்கம் உன்னைப் பார்த்து இருக்கணும். மாத்தி வச்சா ஒரு ஓட்டையும் பொருந்தாது, அதனால கழட்டும்போதே மார்க்கரால ஒரு புள்ளி வை. ஸ்க்ரூ நீளத்துக்குக் கணக்கு: பழைய ஸ்க்ரூவோட நீளத்துலேர்ந்து கருப்புத் தட்டோட கனத்தைக் கழி, ஜன்னல் இடத்துப் பலகை கனத்தைக் கூட்டு. ஸ்க்ரூ தலை மேல்மட்டத்துக்குக் கீழே அமுங்கி இருக்கணும். தடவினா விரல்ல தட்டக் கூடாது.

9. நடு ஓட்டை. பேஸை மாட்டிட்டு, ரவுட்டர்ல கூர்முனைப் பிட்டைப் போட்டு, ப்ளக்கைப் பிடுங்கிட்டு, கையால அமுக்கிச் சுத்து. நடுப்புள்ளி தானே பதியும். அதுல மெல்லிசா ஒரு துளை போட்டு, மேல்பக்கத்துலேர்ந்து 32 மி.மீ. ஹோல் ஸாவால அறு. இதைவிடப் பெரிசு வேண்டாம், சின்னத் துண்டு மரம் அந்தப் பள்ளத்துல மூக்கை நுழைச்சு மாட்டிக்கும்.

பெட்டியும் ஃபென்ஸும்

10. ரெண்டு பக்கப் பலகை, 300 மி.மீ. உயரம். பின்னாடி குறுக்கே ஒரு பட்டை. முன்பக்கம் திறந்தே இருக்கட்டும், மோட்டாருக்குக் காத்து வேணும், உன் கைக்கும் வழி வேணும். பக்கப் பலகைக்கு அடியில 50 மி.மீ. வெளியே நீட்டற மாதிரி பட்டை அடிச்சுடு, பெஞ்ச்சோட கிளாம்ப் போட்டு இறுக்கறதுக்கு. கிளாம்ப் போடாம ஓட்டாதே. தூக்கிட்டுப் போற டேபிள் நகரவும் செய்யும்.

11. உயரம் பார்த்துக்கோ. 75 செ.மீ. டைனிங் டேபிள் மேல இதை வச்சா மொத்தம் 107 செ.மீ. ஆயிடும். நம்மில் பலபேருக்குத் தோளைத் தூக்கி வேலை செய்ற உயரம் அது. மேல்பலகை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வர்ற மாதிரி, ஆடாத தாழ்வான பெஞ்ச்சா தேடிக்கோ.

12. ஃபென்ஸுக்கு ஒரு பக்கம் போல்ட், ஒரு பக்கம் சி-கிளாம்ப். அவ்வளவுதான். டேபிள் ஸா ஃபென்ஸ் மாதிரி ரெண்டு முனையும் இணையா நகரணும்னு டிராக் வாங்கி மெனக்கெடறாங்க. பிட் உருண்டை கண்ணு! அதுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் கணக்கு. ஃபென்ஸ் சாய்வா நின்னாலும் காடி நேராத்தான் விழும். அதனால ஒரு முனையை 8 மி.மீ. போல்ட்ல மாட்டி, மறுமுனையைத் தள்ளித் தள்ளிச் சரிபண்ணு. ஒரு முனையை ரெண்டு மி.மீ. தள்ளினா நடுவுல ஏறக்குறைய ஒரு மி.மீ.தான் நகரும். நுணுக்கமா சரிபண்றது இன்னும் லேசு.

13. ஃபென்ஸ் 18 மி.மீ. பிளையில, எல் வடிவத்துல, டேபிளைவிடக் கொஞ்சம் நீளமா 700 மி.மீ. பின்னாடி மூணு முக்கோணக் கட்டை வச்சு ஒட்டு. ஒட்டும்போதே மூலைமட்டம் வச்சுப் பாரு, காய்ஞ்சப்புறம் அழுது பிரயோஜனமில்லை. பிட் வர்ற இடத்துல ஒரு வெட்டு. முகத்தோட அடி ஓரத்தை லேசா இழைச்சு விடு, தூள் அங்கே ஒதுங்கிக்கும். இல்லேன்னா தூள் மேல மரம் ஏறி, அளவு தப்பும்.

ஸ்விட்ச்: இதுல சிக்கனம் பார்க்காதே

14. மெஷின்ல இருக்கிற ஸ்விட்ச்சை 'ஆன்'லயே விட்டுட்டு சுவர் ப்ளக்குல போட்டு ஓட்டறவங்களை நிறையப் பார்த்திருக்கேன். ஓட்டிக்கிட்டிருக்கும்போது கரண்ட் போகும். காபி குடிச்சுட்டு வந்து, 'கரண்ட் இல்லையே'ன்னு பிட் மேல கையை வச்சுத் தூளைத் தட்டுவ. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வரும். மேலே எழுத எனக்கு மனசில்லை. நோ-வோல்ட் ஸ்விட்ச் வாங்கு. கரண்ட் போனா தானே விழுந்துடும், திரும்ப வந்தாலும் நீ பச்சைப் பொத்தானை அமுக்கினாத்தான் ஓடும். பெட்டியோட முன்பக்கத்துல, இடுப்பாலயே சிவப்புப் பொத்தானை அமுக்கற மாதிரி மாட்டு. வயரிங் தெரியாட்டி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு, நீயா முறுக்கி டேப் சுத்தாதே.

15. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி வச்சு ஓட்டாதே, சூடேறும். முழுசா விரிச்சுவிடு.

ஓட்டும்போது

16. வலதுலேர்ந்து இடதுக்கு. ஃபென்ஸ் பிட்டுக்குப் பின்னாடி, நீ முன்னாடி. மெஷின் தலைகீழா இருக்கிறதால, மேலேர்ந்து பார்த்தா பிட் இடஞ்சுழியா சுத்தும். உன் பக்கத்துல அதோட பல் வலதுபக்கம் ஓடும். நீ எதிர்த்து இடதுக்குத் தள்ளினா மரம் ஃபென்ஸோட ஒட்டி நிக்கும். மாத்தித் தள்ளினா பிட் மரத்தைப் பிடுங்கி எறியும், பின்னாடியே உன் விரலும் போகும். சந்தேகமே வேண்டாம், மேல்பலகையில பெர்மனன்ட் மார்க்கரால பெரிசா ஒரு அம்புக்குறி போட்டுடு. பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவுல மரத்தை நுழைக்கவே நுழைக்காதே.

17. பிட்டைக் காலெட்டுக்குள்ள அடி வரை விட்டு, ரெண்டு மி.மீ. வெளியே இழுத்துட்டு முடுக்கு. அடியில முட்டிக்கிட்டு நின்னா காலெட் சரியாக் கவ்வாது. தண்டுல முக்கால் பாகமாவது உள்ளே இருக்கணும்.

18. ஒரு ஓட்டத்துல 3 மி.மீ. ஆழத்துக்கு மேல எடுக்காதே. 9 மி.மீ. காடி வேணுமா, மூணு தடவை ஓட்டு. மரம் கருகினா ஒண்ணு பிட் மழுங்கியிருக்கும், இல்லே நீ நடுவுல நின்னு யோசிச்சிருப்ப.

19. உயரம் அளக்க சன்மைக்கா மிச்சத்துண்டு போதும். ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 1 மி.மீ. மூணு துண்டை அடுக்கி பிட் பக்கத்துல வச்சு விரலால தடவினாத் தெரிஞ்சிடும். சரியான அளவே வேணும்னா ஒரு கழிவுத் துண்டுல ஓட்டி அளந்துக்கோ.

20. நாலு பக்கமும் ஓரம் உருட்டறப்போ குறுக்கு ஓரத்தை முதல்ல ஓட்டு, நீள ஓரத்தைக் கடைசியா ஓட்டு. மூலையில சிம்பு பேர்ந்திருந்தாலும் நீள ஓட்டத்துல அது போயிடும்.

21. முந்தானையைச் செருகு, துப்பட்டாவைக் கழட்டி வை, பின்னலைக் கொண்டையாப் போடு, வளையலைக் கழட்டு. கையுறை போடவே போடாதே. அதோட நூல் பிட்டுல மாட்டினா கையையும் இழுத்துக்கும். கண்ணாடி கட்டாயம். கர்ச்சீஃப் கட்டினாப் போதும்னு நினைக்காதே, என்-95 மாஸ்க் போடு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கறதுன்னே உறுதியாப் பட்டியல் போட்டிருக்கு. எம்.டி.எஃப். தூள் ரொம்பப் பொடி, வீட்டுக்குள்ள ஓட்டாம மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போ. தூக்கிட்டுப் போறதுக்குத்தானே இவ்வளவு லேசாச் செஞ்சோம்!

22. முதல் வேலையா மிச்சத்துண்டுல ரெண்டு தள்ளுகட்டை செஞ்சுக்கோ. சீப்புப் பல் மாதிரி கீறின பலகை ஒண்ணும் அறுத்து வை. ஃபென்ஸ்ல கிளாம்ப் போட்டு மரத்தைக் கீழே அமுக்கி வைக்க அது உதவும். விரல் பிட்டுக்குக் கிட்டே ஒரு சாண் தூரத்துக்குள்ள வருதுன்னா, கையை எடுத்துட்டுத் தள்ளுகட்டையை எடு.

23. மேல்பலகை வழுக்கலையா? மெழுகுவர்த்தியைத் தேய்ச்சுத் துணியால துடை. எண்ணெய், சிலிகான் ஸ்ப்ரே ரெண்டும் வேண்டாம். அது மரத்துல ஒட்டிக்கிட்டு அப்புறம் பாலிஷ் பிடிக்காது.

24. வேலை முடிஞ்சதும் மோட்டாரை உருவி, காத்து ஊதித் தூளை வெளியேத்து. தலைகீழா நிக்கிறதால எல்லாத் தூளும் மோட்டாருக்குள்ளதான் விழும். டேபிளைச் சுவத்துல சாய்ச்சு வைக்காதே, படுக்கையா வை. ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சதும் ஒருதரம் நேர்க்கோலைக் குறுக்கும் நெடுக்கும் வச்சுப் பாரு. நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா, அந்த இடத்துக்கு அடியில ஒரு ரீப்பர் கட்டையைச் செங்குத்தா வச்சு ஸ்க்ரூ போட்டு இழுத்துப் பிடி.