மணாலி சாலையில் மழையா, பனியா?

குளிர்காலத்தில் இமாச்சலத்துக்கு மழையையும் பனியையும் கொண்டுவருவது மேற்கத்திய இடையூறு. ஒரே மேகம் சுமார் 2,050 மீட்டர் உயரத்திலுள்ள மணாலியில் மழையாகவும், 2,500 மீட்டர் வாக்கிலுள்ள சோலாங்கில் பனியாகவும் கொட்டும்.

பயணிகள் முதலில் தேட வேண்டியது உறைநிலை உயரம், அதாவது காற்று 0 டிகிரியைத் தொடும் உயரம். பனித்துகள் உடனே உருகிவிடாது. அந்த உயரத்துக்குச் சுமார் 300 மீட்டர் கீழே வரைகூட பனியாகவே விழும். மழை வலுத்தால் பனி இன்னும் கீழே இறங்கும், ஏனென்றால் உருகும் பனி காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. சாயங்காலம் தூறிய ஊர் விடியும்போது வெள்ளையாகிவிடுவது இப்படித்தான்.

கைபேசி காட்டும் வெப்பநிலை பெரும்பாலும் ஊருக்கானது, நீங்கள் ஏறப்போகும் கணவாய்க்கானது அல்ல. 1,000 மீட்டர் ஏறினால் 6 டிகிரி போலக் குறையும்.

ரேடார் படத்தை மட்டும் நம்பக் கூடாது. பாதி உருகிய பனி அதில் கனமழைபோலத் தெரியும். மலை மறைக்கும் பள்ளத்தாக்கு தெரியவே தெரியாது. இந்திய வானிலைத் துறை ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலைநகரில் பனியில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், பலர் கார்களுக்குள்ளேயே. வண்டி சிக்கிக்கொண்டால் புகைக்குழாயை மூடிய பனியை அகற்றாமல் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்துவிடும்.