விகாரைப் பணியில் கணவனும் மனைவியும்



சங்கத்தார் ஓரிடத்தில் நிலம் பெற்று விகாரை எழுப்பத் தொடங்கும்போதெல்லாம் நம்மவர் எம்மிடம் வந்து கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஐயா, எங்களிடம் பணமில்லை, கையும் காலும் இருக்கின்றன. ஞாயிறுதோறும் நானும் என் வீட்டாரும் வந்து கல்லும் மண்ணும் சுமக்கிறோம். அது தானமாகுமா?" என்பதே அக்கேள்வி.

ஆகும் என்பதே விடை. ஆயினும் எவ்வாறு செய்தால் ஆகும் என்பதையும் அறிந்து செய்தல் வேண்டும். கணவனும் மனைவியும் கூடிச் செய்யும் உழைப்புத் தானம் எப்போது இருவர்க்கும் நலமாகிறது, எப்போது ஒருவர்க்குப் புகழும் மற்றவர்க்குச் சுமையும் ஆகிறது என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

1. இல்லறத்தார் கை ஏன் வேண்டும்?

விகாரை பிக்குகள் தங்கும் இடம். எனினும் அதனைப் பிக்குகள் தாமே கட்டி முடித்தல் இயலாது. பிக்கு நிலத்தை அகழ்தலும் அகழ்வித்தலும் ஆகா என்பது பாசித்திய விதிகளுள் பத்தாவது. செடிகொடிகளை அழித்தல் ஆகாது என்பது பதினொன்றாவது. கடைக்கால் தோண்டாமலும் புதர் வெட்டாமலும் எக்கட்டடம் எழும்? ஆகவே இல்லறத்தாரின் கை அங்கே இன்றியமையாதது.

அக்கையைச் சங்கம் எவ்வாறு ஏற்க வேண்டும் என்பதற்கு விநயத்தின் சுல்லவக்கத்தில் ஒரு வரலாறு உண்டு. வைசாலி நகரில் மக்கள் விகாரைப் பணியை ஆர்வத்துடன் செய்வதைக் கண்ட ஏழைத் தையற்காரர் ஒருவர், இத்தனை பேர் மதித்துச் செய்வது சிறிய செயலாக இராது, நாமும் செய்வோம் என்று எண்ணினார். தாமே மண் பிசைந்தார். தாமே செங்கல் அடுக்கினார். தாமே சுவர் எழுப்பினார். அத்தொழில் அறியாதவராதலின் சுவர் கோணி விழுந்தது. இரண்டாம் முறையும் விழுந்தது. மூன்றாம் முறையும் விழுந்தது. மனம் நொந்த அவர், உணவும் ஆடையும் மருந்தும் அளிப்போர்க்கே இத்துறவிகள் அறமுரைக்கின்றனர், அவர்கள் கட்டும் பணியையே மேற்பார்க்கின்றனர், ஏழையாகிய எனக்கு வழிகாட்டுவார் ஒருவரும் இல்லை என்று வெளிப்படையாகவே குறை கூறினார்.

பகவன் புத்தர் அதனைக் கேட்டு அத்தையற்காரரைக் கடிந்தாரில்லை. புதுக் கட்டடப் பணியை ஒரு பிக்குவின் பொறுப்பில் விடலாம் என்று விதி வகுத்தார். பணி விரைவில் முடியவும், பழுதுபட்டவை செப்பனிடப்படவும் அப்பிக்கு முயல வேண்டும் என்றும் கூறினார். 'நவகம்மம்' எனப்படும் பொறுப்பு இவ்வாறு ஓர் ஏழையின் விழுந்த சுவரிலிருந்து பிறந்தது.

இதனால் அறியத்தக்கது யாது? உழைப்பை ஏற்போர் அவ்வுழைப்பாளிக்குத் தொழிலையும் கற்பிக்க வேண்டும். அறத்தையும் கற்பிக்க வேண்டும். பணம் கொடுத்தவரை முன்வரிசையில் அமர்த்தி அறவுரை கேட்பித்து, கல் சுமந்தவரைக் கொல்லைப்புறத்திலேயே நிறுத்தி வைத்தல் அத்தையற்காரரின் குறையை இன்றும் உயிரோடு வைத்திருப்பதாகும்.

2. ஒத்த மனம்

பக்கர் நாட்டில் சும்சுமாரகிரியில் நகுலபிதா, நகுலமாதா என்னும் முதிய இணையர் வாழ்ந்தனர். இளமையில் மணந்த நாள்தொட்டு ஒருவரையொருவர் மனத்தாலும் பிழைத்ததில்லை என்று பெருமானிடம் இருவரும் தனித்தனியே கூறி, இப்பிறவியிலும் வரும் பிறவியிலும் கூடியே இருக்க வழி யாது என்று வினவினர். நம்பிக்கையில் ஒப்பு, சீலத்தில் ஒப்பு, ஈகையில் ஒப்பு, அறிவில் ஒப்பு ஆகிய நான்கையும் பெருமான் வழியாகக் காட்டினார். அங்குத்தர நிகாயத்தில் இதனைக் காணலாம்.

ஈகையில் ஒப்பு என்பதை நம் பொருளுக்குப் பொருத்திப் பார்ப்போம். கணவன் ஞாயிறு முழுதும் விகாரையில் கல் அடுக்குகிறான். வீட்டில் குழாயடியில் நின்று நீர் பிடித்தலும், துணி துவைத்தலும், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பேணலும் மனைவி ஒருத்தியின் தலையில் விழுகின்றன. அந்த ஞாயிறு யாருடைய தானம்? கணவன் தன் ஓய்வைக் கொடுத்தான். மனைவியின் ஓய்வையோ அவளைக் கேளாமலே கொடுத்துவிட்டான். பிறர் பொருளை அவர் கொடாமல் எடுத்தல் பஞ்சசீலத்தில் இரண்டாவதற்கு மாறானது. பிறர் ஓய்வு மட்டும் அதற்கு விலக்காகுமோ?

மனைவி கணவனைக் கேளாமல் அவன் கூலியை நன்கொடைச் சீட்டில் எழுதிவிடுதலும் இத்தகையதே. ஆகவே பணிக்கு வருமுன் இருவரும் ஓரிடத்தில் அமர்ந்து, எத்தனை ஞாயிறு, எவ்வளவு நேரம், வீட்டை யார் பார்ப்பது என்று பேசி முடித்துக்கொள்ள வேண்டும். இருவரும் வருதல் இயலாதபோது ஒருவர் வரட்டும். ஒரு ஞாயிறு கணவன், மறு ஞாயிறு மனைவி என்று மாறி வருதலும் கூடிச் செய்த பணியே.

1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் மூத்த பிக்குவாகிய சந்திரமணியாரிடம் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றபோது, அவர்தம் துணைவியார் சவிதா அம்மையாரும் உடன்நின்று ஏற்றார். இலட்சக்கணக்கானோர் கண்ட அக்காட்சி நமக்கு ஒரு முன்மாதிரி. அறத்தின் வாயிலில் இருவரும் சேர்ந்தே நுழைய வேண்டும்.

ஒத்த மனம் இணையர்க்குள் மட்டுமன்று. சங்கத்துக்கும் இணையர்க்கும் இடையிலும் வேண்டும். ஆளவி என்னும் ஊரில் சில பிக்குகள் தமக்குக் குடில்கள் கட்டிக்கொள்ள முற்பட்டு, ஆள் தாருங்கள், எருது தாருங்கள், வண்டி தாருங்கள், கோடரி தாருங்கள் என்று ஓயாமல் கேட்டனர். ஊரார் பிக்குகளைக் கண்டால் வேறு வழி போயினர், கதவை அடைத்தனர், தொலைவில் மாடு தெரிந்தாலும் பிக்கு என்று மயங்கி ஓடினர். பெருமான் அப்பிக்குகளைக் கண்டித்து, கொடையாளி இல்லாமல் தாமே இரந்து தமக்கெனக் கட்டும் குடில் உள்ளளவில் நீளம் 12 சாண், அகலம் 7 சாணுக்கு மேற்படலாகாது என்று வரம்பிட்டார். அச்சாண் சுகதரின் சாண். கேட்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதே அதன் கருத்து. இரண்டு ஞாயிறு வராத குடும்பத்தின் பெயரைக் கூட்டத்தில் படித்து நாணச் செய்யும் சங்கம், தானத்தை வரியாக மாற்றிவிடுகிறது.

3. ஒத்த வேலை

யாம் இருபத்திரண்டு ஆண்டுகள் நூல் ஆலையில் ரிங் பிரேமின் முன் நின்றோம். அங்கே இழை அறுந்தால் அது யாருடைய பக்கம் என்று வழக்காடிக் கொண்டிருக்க நேரமில்லை; கை அருகில் இருப்பவர் இணைத்துவிட்டுப் போவார். விகாரைப் பணியிலும் இதுவே முறையாதல் வேண்டும். ஆயினும் பெரும்பாலும் நிகழ்வது வேறு. கரணையும் மட்டப்பலகையும் ஆண்கள் கையில்; சாந்துச் சட்டியும் சோற்றுப் பானையும் பெண்கள் தலையில்.

எம் ஊர் விகாரைக்குச் சுற்றுச்சுவர் எழுப்பியபோது எம் இல்லத்தாரும் யாமும் ஞாயிறுதோறும் சென்றோம். அவர் மணத்திற்கு முன் பல ஆண்டுகள் சித்தாளாக உழைத்தவர். கலவையில் நீர் எவ்வளவு, செங்கல்லை எவ்வளவு நேரம் நனைக்க வேண்டும், தூக்குக்குண்டு எங்கே தொட வேண்டும் என்பன அவருக்குக் கைவந்தவை. எமக்கோ பஞ்சும் நூலுமே தெரியும். கரணையை அவர் பிடித்தார். யாம் சட்டி ஏந்தினோம். முதல் நாள் சிலர் சிரித்தனர். மூன்றாம் வாரம் அவர்களே தத்தம் வரிசை நேராக நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி அவரை அழைத்தனர். அறிந்தவர் முன்னிற்க, அறியாதவர் பின்னிற்றலே தொழிலின் அறம். ஆண் பெண் என்னும் வேற்றுமை தூக்குக்குண்டுக்குத் தெரியாது.

இன்னொன்றும் கண்டோம். சிமிட்டிச் சாந்தால் எழுப்பிய சுவருக்கு ஏழு நாளேனும் ஈரம் உலராமல் நீர் விட வேண்டும். விடாவிட்டால் சாந்து வலிவு பெறாது. ஞாயிறன்று கல் அடுக்க நாற்பது பேர் வருவர். திங்கள் முதல் நீர் விட ஒருவரும் வாரார். எம் விகாரையில் அதனைச் செய்தவர்கள் வேலைக்குப் போகும் வழியில் குடத்தோடு வந்து போன சில பெண்களே. அச்சுவர் இன்று வலிவுடன் நிற்பதில் அவர்களுக்குச் சம பங்குண்டு. கண்ணுக்குத் தெரியும் வேலையை மட்டும் எண்ணுவோர் சுவரின் பாதியை எண்ணாது விடுகின்றனர்.

சிறு பணி என்று இகழத்தக்கது ஒன்றுமில்லை. சாவத்தியில் விசாகை தன் பேரணிகலனை விலையாக்கிப் பூர்வாராமம் கட்டுவித்தாள். மொக்கல்லானர் மேற்பார்க்க ஒன்பது மாதத்தில் மாளிகை நிறைவுற்றது என்று தம்மபத உரை கூறுகிறது. அவள் தோழி ஒருத்தி தானும் பங்கு பெற விரும்பி ஒரு விரிப்பைக் கொண்டுவந்தாள். மாளிகை முழுதும் அதனினும் உயர்ந்த விரிப்புகள் பரப்பப்பட்டிருந்தமையால் இடம் காணாமல் அழுதாள். ஆனந்தர் அவளைக் கண்டு, படிக்கட்டின் அடியில் பிக்குகள் கால் கழுவித் துடைக்கும் இடத்தில் அதனை விரிக்கும்படி கூறினார். விசாகை அவ்விடத்தை மறந்திருந்தாள். மாளிகைக்குள் நுழைந்த ஒவ்வொரு பாதமும் முதலில் தொட்டது அத்தோழியின் விரிப்பையே.

4. ஒத்த பெயர்

மகத நாட்டில் மசலம் என்னும் சிற்றூரில் மக மாணவன் எனப்பட்ட இளைஞனும் அவன் தோழரும் வழிப்போக்கர்க்கு ஒரு மண்டபம் கட்டத் தொடங்கினர். பெண்களுக்கு அதில் பங்கில்லை என்று முடிவு செய்தனர். அவன் இல்லத்துச் சுதம்மை தச்சனோடு பேசி, கூரை மரங்களெல்லாம் வந்து கூடும் முகட்டுக் கட்டையை முன்னரே உலர்ந்த மரத்தில் செய்வித்து வைத்திருந்தாள். கூரை ஏற்றும் நாளில் அக்கட்டை இல்லாமல் வேலை நின்றது. தேடியலைந்து அவளிடம் வந்து விலை பேசினர். விலை வேண்டாம், பங்கு வேண்டும் என்றாள் அவள். ஆண்கள் மறுத்தனர். பிரம்ம லோகம் ஒன்றைத் தவிரப் பெண்கள் இல்லாத இடம் உலகில் உண்டோ என்று தச்சன் இடித்துரைத்த பின்னரே இசைந்தனர். குலாவக ஜாதகத்தில் வரும் கதை இது. அந்த மக மாணவனே பின்னர்ச் சக்கன் ஆனான். தேவர் கூடும் மன்றமோ சுதம்மையின் பெயரால் வழங்குகிறது.

இக்கதையைப் படித்தும் நம்மவர் கற்றுக்கொண்டது குறைவு. ஓர் ஊரில் விகாரைத் திறப்பு நாளில் அறவுரை கூறச் சென்றிருந்தோம். வாயிற்சுவரில் பணி செய்த குடும்பங்களின் பெயர் பொறித்த கல் இருந்தது. அத்தனையும் ஆண் பெயர்கள். கூட்டம் கலைந்தபின் முதிய உபாசிகை ஒருவர் எம்மிடம் வந்து, "ஐயா, எனக்கு எழுத்துத் தெரியாது. இந்தக் கல்லில் என் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்" என்றார். ஓராண்டு முழுதும் அவர் அங்கே செங்கல் சுமந்தவர். அவர் கணவரின் பெயரை விரலால் தொட்டுக் காட்டினோம். அவர் அதன் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அறத்தில் பெயருக்கு ஆசைப்படலாமோ என்று சிலர் கேட்பர். பெயர் வேண்டாம் என்றால் ஒருவர் பெயரும் வேண்டாம், கல்லே வேண்டாம். கல் வைத்தால் இருவர் பெயரும் வேண்டும்.

பண்டைய பௌத்தர் இதனை அறிந்திருந்தனர். கிருஷ்ணை ஆற்றங்கரையில் அமராவதியில் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய மகாசைத்தியம் இருந்தது. அதற்குப் பூரணகும்பம் செதுக்கிய கற்பலகையை அளித்தவன் விதிகன் என்னும் தோல் தொழிலாளி. தாய், மனைவி, உடன்பிறந்தார், மகன், பெண்மக்கள், சுற்றத்தார் ஆகியோரோடு சேர்ந்து அளித்ததாகவே அவன் கல்லில் வெட்டுவித்தான். அதே சைத்தியத்தில் தமிழன் என்று பொருள்படும் அடைமொழியோடு தமிள கண்ணன் என்பவன் அளித்த கல்லும் உண்டு. அதில் அவன் தம்பியின் பெயரோடு தங்கை நாகாவின் பெயரும் உள்ளது. தோல் தொழிலாளியின் குடும்பமும் தமிழ்க் குடும்பமும் அன்றே சைத்தியத்துக்குக் கல் கொடுத்தன. 1898இல் பண்டித அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவியபின், கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் கிளைச் சங்கம் கண்டதும் அவ்வழியின் தொடர்ச்சியே.

5. கைக்கொள்ள வேண்டியவை

ஒன்று: இருவரும் மனமொத்து உறுதி செய்த நாட்களில் மட்டும் வருக. கடன் வாங்கியோ, கூலியை இழந்தோ, பிள்ளைகளைப் பட்டினியிட்டோ வருதல் வேண்டா.

இரண்டு: பணியிடத்தில் குழந்தைகளுக்கு நிழலான ஓரிடம் ஒதுக்குக, அவர்களைப் பார்க்கும் முறை ஆண்களுக்கும் வரட்டும். சமையலும் அவ்வாறே.

மூன்று: சாரத்தில் ஏறுதல், பளு தூக்குதல் ஆகியவற்றைத் தேர்ந்த கொத்தனாரின் சொற்படியே செய்க. ஆர்வம் எலும்பைக் காவாது.

நான்கு: கூலிக்கு வரும் கொத்தனார், சித்தாள் ஆகியோரின் பிழைப்பைத் தொண்டர் பறித்தலாகாது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்று 1976இல் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. விகாரையின் கணக்கேட்டில் அந்நெறிக்கு மாறான ஒரு வரியும் இருத்தலாகாது.

ஐந்து: ஒவ்வொரு பணிநாளின் முடிவிலும் கை கழுவியபின் அரை மணி நேரம் அறவுரை நிகழட்டும். பாத்திரம் துலக்குவோரும் வந்து அமரும் வரை அது தொடங்கலாகாது.

சிந்திக்க: சென்ற பணியில் உங்கள் ஊரில் நீர் விட்டவர் யார்? அவர் பெயர் எங்கேனும் எழுதப்பட்டதா? உங்கள் ஞாயிறு உங்கள் துணைவரின் இசைவோடு கொடுக்கப்பட்டதா? இம்மூன்று வினாக்களையும் அடுத்த உபோசத நாளில் கணவனும் மனைவியும் அருகருகே அமர்ந்து ஆராய்வாராக.

உழைத்த கைகள் எல்லாம் நலம் பெறுக.