முதலாளி அரசு, வழக்கு யாருடையது?

கேள்வி: அரசே முழு உரிமையாளராக இருக்கும் கம்பெனி பெரிய வழக்கில் மாட்டினால், ‘கோர்ட் பார்த்துக்கொள்ளும்’ என்று அமைச்சர் ஒதுங்கிக்கொள்வதுதானே முறை?

பதில்: தீர்ப்பில் தலையிடக் கூடாது, சரி. ஆனால் வழக்கை எப்படி நடத்துகிறாய், யார் காசில் நடத்துகிறாய் என்று தன் கம்பெனியைக் கேட்க எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை.

பிரிட்டனின் போஸ்ட் ஆபீஸ் நிறுவனத்தைப் பாருங்கள். பங்கு முழுவதும் அரசிடம். இயக்குநர் குழுவிலும் அரசின் ஆள் உண்டு. ஃபுஜிட்சுவின் ‘ஹொரைஸன்’ கணினி காட்டிய பொய்யான பற்றாக்குறையை நம்பி, தபால் நிலையம் நடத்திய நூற்றுக்கணக்கானோரைத் திருடர்களாக்கியது அது. 2010-ல், பாதிக்கப்பட்ட ஆலன் பேட்ஸ் சந்திக்க நேரம் கேட்டபோது, அமைச்சர் எட் டேவி முதலில் மறுத்துவிட்டார். நிர்வாகம் நிறுவனத்தின் பொறுப்பாம்! (பிறகு சந்தித்தார்.)

பாதிக்கப்பட்டவர்களில் 555 பேர் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். 2019 மார்ச்சில் ஒரு தீர்ப்பு பாதகமாக வந்ததும், நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? நீதிபதியே பாரபட்சமானவர், விலக வேண்டும் என்று மனுப் போட்டது! உரிமையாளர் அதட்டியிருக்க வேண்டிய இடம் அதுதான். மனு தள்ளுபடியானது. டிசம்பரில் 5.775 கோடி பவுண்டுக்குச் சமரசம். அதில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போய்விட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்குப் போதாமல் போன நஷ்டஈட்டின் மீதியை இன்று அரசு கஜானாதான் கட்டிக்கொண்டிருக்கிறது.